ஏப்ரல் ஆறாம் தேதி வண்டி ஓடணுமா?

"ஏப்பா, இப்ப எடுத்துக்குவோம். ஏப்ரல் ஆறாம் தேதி நிப்பாட்டுவோம். அன்னைக்குத் தெரியும் நம்ம அருமை."

2021 பிப்ரவரி அரசு பஸ் வேலைநிறுத்தம் வாபஸ் என்று தகவல் வந்ததும் டிப்போ வாசலில் அண்ணன் சொன்னது இது. அவர் டிரைவர், நான் கண்டக்டர், வெகுநாளாக ஒரே வண்டி. 25ஆம் தேதி நிறுத்தினோம், மறுநாளே ஏப்ரல் ஆறாம் தேதி ஓட்டுப்பதிவு என்று தேர்தல் தேதி அறிவிப்பு, அதற்கடுத்த நாள் வாபஸ். 2018 ஜனவரியில் எட்டு நாள் நின்றபோது தற்காலிக ஆட்களை வைத்து வண்டி எடுத்ததையும் பார்த்தவர் அவர். கோபம் நியாயம்தான். ஆனாலும் "அது மட்டும் வேண்டாம்ணே" என்றேன்.

"பூத் ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான இருக்கு, நடந்து போயி போடட்டும்" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில், பெயர் மதுரை மாவட்டம் எழுமலை ஓட்டர் லிஸ்ட்டில் என்று இருப்பவர் எங்கிருந்து நடப்பார்? கார் உள்ளவன் எப்படியும் வந்துவிடுவான். வேட்பாளர் தரப்பு வாடகை வேன் பிடித்து ஆள் ஏற்றினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவின்படி அது முறைகேடு, ஆனால் பஸ் நின்றுவிட்டால் அந்த வேன்தான் தெருமுனையில் வந்து நிற்கும், ஏறியவர் யாருக்குப் போடுவார் என்று சொல்லவா வேண்டும்? 2019இல் சித்திரைத் தேரும் ஓட்டுப்பதிவும் ஒரே நாளில் வந்ததால் மதுரைத் தொகுதியில் மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் கூட்டிக் கொடுத்தார்கள். பஸ் இல்லை என்பதற்கு யார் கூட்டிக் கொடுப்பார்கள்?

படித்திருந்த ஒன்றையும் சொன்னேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 2016 நவம்பர் 1 அன்று போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 8ஆம் தேதி அதிபர் தேர்தல். ஓட்டுப் போட ஜனம் எப்படிப் போகும் என்று நகர நிர்வாகம் கோர்ட்டுக்கே போனது, 7ஆம் தேதி காலையில் உடன்பாடு ஆனது. "பாத்தியா, தேதி நெருங்கவும்தான இறங்கி வந்திருக்கான்" என்றார் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கடைசியில் கேட்டார்: "சரி, ஊரையெல்லாம் ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போற. என் ஓட்டுக்கு எந்த வண்டி?"

தேர்தல் அன்று வண்டி ஓடியது. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அக்கா ஏறினார், பூத் சிலிப்பை நாலாக மடித்துக் கர்சீப்பில் முடிந்திருந்தார். உசிலம்பட்டி போய் எழுமலைக்கு மாறணும், நேரத்துக்குப் போயிருமா என்று உசிலம்பட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். "முடியிற நேரத்துக்குள்ள வரிசையில நின்னுட்டா போதும்கா, டோக்கன் குடுத்துருவாங்க, எவ்வளவு நேரமானாலும் போட்டுட்டுத்தான் வரலாம்" என்றேன். வண்டியை நிறுத்த வேண்டாம் என்று நான் அண்ணனிடம் சொன்னது சரிதான் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. அந்தச் சமயத்தில் ஸ்டியரிங்கில் அண்ணன் இருந்தார்.

எனக்கு டிப்போ பக்கத்திலேயே பூத், நடை இடைவெளியில் ஓடிப்போய்ப் போட்டுவிட்டேன். அவருக்குப் பேரையூர் பக்கம். டூட்டி முடியும்போது பூத் பூட்டியாச்சு. தேர்தல் வேலைக்கு எடுத்த வண்டியின் டிரைவர், கண்டக்டருக்குத் தபால் ஓட்டு உண்டு. சாதாரண ரூட்டில் ஓடிய அண்ணன் கையில் அப்படி எந்தப் படிவமும் இல்லை. ஓட்டு நாளில் பஸ் நிற்கக் கூடாது என்பதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் நான், போடாமல் வண்டி ஓட்டியவர் அவர். அவரிடம் இதை எப்படிப் பேசுவது?