கோட்டை விட்டு இறங்கும் எழுத்து

மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும்போது, யார் சரியாகத் தூங்காமல் வந்தார்கள் என்று இப்போதெல்லாம் தெரிந்துவிடுகிறது. முதல் வரி ஒழுங்காகக் கோட்டுக்குள் நிற்கும். மூன்றாவது வரியில் எழுத்து கீழே இறங்கும். அப்புறம் ஏதோ ஓர் எழுத்தின் சுழி முடியாமலே, பென்சில் கோடு பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அங்கேதான் கண் சொக்கியிருக்கிறது.

இதைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் தூங்கி விழும் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வேன். ஒரு பையன் நின்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கொட்டாவி விடும் பிள்ளையையாவது கண்டுபிடித்துவிடலாம். நம்மை ஏமாற்றுவது துறுதுறு பிள்ளைகள்தான். தூக்கம் போதாவிட்டால் நாம் சோர்ந்து உட்காருவோம். சின்னப் பிள்ளைகளில் பலர் அதற்கு நேர்மாறு. பெஞ்சை உதைப்பார்கள், பக்கத்திலிருப்பவன் ரப்பரைப் பிடுங்குவார்கள், ஒன்றுமில்லாததற்கு அழுவார்கள். அப்படி ஒருவனைப் பற்றி டைரியில் புகார் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தேன். எப்போதும் வாயால்தான் மூச்சு விடுவான். ராத்திரி பெரியவர்கள் மாதிரி குறட்டை விடுகிறான் என்று அவன் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். மருத்துவரிடம் காட்டியபோது, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கி மூச்சை அடைத்திருந்தது தெரிந்தது. பத்து மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவனுக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. நான் எழுதிய புகார்கள் மட்டும் டைரியில் இருந்தன.

மற்றவர்கள் விஷயத்தில் வெறும் கூட்டல் கழித்தல்தான். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை 9 மணிக்கே கண்ணயர்ந்தால்தான் அதில் குறைந்தபட்சமாவது தேறும். "எட்டு மணிக்கு மேல் போன் கொடுக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஒரு சிறுமியின் அம்மா மட்டும் கூட்டம் முடிந்தும் போகாமல் நின்றார்.

"போனெல்லாம் இல்ல மிஸ். அவ அப்பா வேலை முடிஞ்சு வரப் பத்தரை ஆகுது. காலையில இவ கிளம்புறப்ப அவர் தூங்கிட்டிருப்பார். ஒம்பது மணிக்கே படுக்க வெச்சா ரெண்டு பேரும் லீவு நாள்லதான் மூஞ்சி பாத்துக்கணும்."

எனக்குப் பதில் ஓடவில்லை. வீட்டுப்பாடத்தையாவது குறைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ்" என்றார் அவசரமாக. "அதை அப்பாகூட உக்காந்து எழுதணும்னுதான் எடுத்து வெச்சுக்கிட்டு முழிச்சிருக்கா."