கத்திரி வெயிலில் 15 டிகிரி

ஏப்ரல் 5

ஓடிவிட்டு வந்து குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்து எழுவதற்கான டப் வந்து இறங்கிவிட்டது. சுவருக்குள் ஃபோம் அடைத்த ஃபைபர் டப், மேலே கனமான மூடி. கழுத்துவரை உட்கார 300 லிட்டர் பிடிக்கும்.

எங்கே வைப்பது என்று ஒரு வாரமாக வீட்டில் பஞ்சாயத்து. எங்களோடு தங்கிப் படிக்கும் அக்கா மகன் மொட்டை மாடிதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறவன், ரீல்ஸ் எடுக்க மாடிதான் வசதி. தண்ணீர், டப், உள்ளே ஓர் ஆள் என்று கூட்டினால் 400 கிலோவைத் தாண்டுகிறது. அத்தனையும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் நிற்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் சுமையோ சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். பீம் பார்த்து வைத்தால் தாங்கும் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த யாராவது நம் வீட்டில் படுத்துத் தூங்குவதில்லை. தவிர, மே மாதத்து மாடியில் தண்ணீரைக் குளிரவைப்பேன் என்று நிற்பது வீண் வம்பு.

கடைசியில் பின்கட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். ஷீட் கூரை இருக்கிறது, வெயில் படாது. கொடி கட்டும் இடம் போச்சு என்று மனைவிக்கு வருத்தம்.

ஏப்ரல் 6

தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின், சில்லர், வர இன்னும் சில நாள் ஆகும். சும்மா இருப்பானேன் என்று தெர்மாமீட்டரோடு சுற்றினேன். பகல் இரண்டு மணிக்கு மாடி டேங்க் தண்ணீர் 39 டிகிரி. மோட்டாரைப் போட்டு போரிலிருந்து நேராகப் பிடித்தால் 29. பூமிக்குள் அந்தந்த ஊரின் வருடச் சராசரி வெப்பம்தான் நிற்கும். சென்னையில் அது இவ்வளவுதான், இதற்குக் கீழே இயற்கை நமக்கு இறங்கி வராது. ஆனாலும் பத்து டிகிரி இலவசமாகக் கிடைக்கிறதே. டப்பை டேங்க் குழாயிலிருந்து நிரப்பவே கூடாது என்று முடிவு.

300 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 0.35 யூனிட் (கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 29-லிருந்து 15-க்கு வர ஏறக்குறைய 4.9 யூனிட். இதையே ஐஸ் போட்டுச் செய்தால் சுமார் 44 கிலோ தேவை. ஓட்டப் பயிற்சி முடிந்து வரும் ஒவ்வொரு காலையும் 44 கிலோ ஐஸுக்கு வண்டி வைக்க முடியுமா? ஃபின்லாந்தில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே குளிர் சும்மா கிடக்கிறது. நமக்கு அது மெஷினும் கரன்ட்டும் போட்டு வாங்கும் சரக்கு.

ஏப்ரல் 12

1 ஹெச்பி சில்லர். உள்ளே இருப்பது ஏசியில் இருக்கும் அதே சங்கதிகள்தான்: கம்ப்ரசர், சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சர், ஃபேன். காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் டைட்டானியம் காயில். எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கும், பின்னால் போடப்போகும் குளோரினுக்கும் செம்பு தாங்காது, டைட்டானியம் தாங்கும். வாங்கும்போது நான் விடாப்பிடியாகக் கேட்டது இது ஒன்றைத்தான்.

டப்பின் அடியிலிருந்து ஃபில்டர், அதிலிருந்து பம்ப், பம்பிலிருந்து சில்லர், திரும்ப டப். இந்த வகை பம்ப் கீழேயிருந்து இழுக்காது, தண்ணீர் தானாக அதற்குள் வந்து விழ வேண்டும். அதனால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தரையிலேயே உட்கார்ந்தது. முதலில் ஏர் லாக். ஹோஸைக் கழற்றி, காற்று புடுபுடுவென்று போகும்வரை பிடித்து மாட்டியதும் சரியாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குத்தான் அதிக வேலை. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி சுவிட்ச், கரன்ட் கசிந்தால் சட்டென்று அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த்தை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தண்ணிக்குள்ள உக்காரப் போறீங்க சார், இந்த எர்த் பத்தாது." புதுக் குழி தோண்டியாயிற்று. டப்புக்கு அடுத்தபடி இந்தச் செலவைத்தான் யாரிடமும் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அப்படியும், ஆள் இறங்கும் நேரத்தில் எம்சிபியை அணைத்துவிடுவது என்று வீட்டுச் சட்டம்.

ஏப்ரல் 13

காலை பத்து மணிக்குப் போட்டது. 29, 27, 24 என்று இறங்கி வந்து 19-ல் நின்றுவிட்டது. மதியம் ஹை பிரஷர் என்று எரர் காட்டி ஆஃப். சிறிது நேரம் கழித்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி ஆஃப். விற்ற இடத்தில் கேட்டால் அறை வெப்பநிலையில் வையுங்கள் என்கிறார்கள். எந்த ஊர் அறை?

தெருமுனை ஏசி மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். மெஷினைத் திறக்கவே இல்லை. பொருத்த வந்தவர்கள் அதைக் காம்பவுண்டு சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தியிருந்தார்கள். தம்பி அந்தச் சந்தில் கையை விட்டுப் பார்த்தான். "விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது சார்." தெர்மாமீட்டரை வைத்தேன். பின்கட்டில் 36, சில்லர் காற்றை உறிஞ்சும் இடத்தில் 47.

சில்லர் குளிரை உண்டாக்குவதில்லை. தண்ணீரிலிருக்கும் சூட்டை எடுத்து வெளியே வீசுகிறது, அவ்வளவுதான். கம்ப்ரசர் தின்னும் கரன்ட்டும் சேர்ந்து ஒரு தடவை குளிரவைத்தால் எட்டு யூனிட் வெப்பம் பின்கட்டில் கொட்டுகிறது. அது போக வழி விடாமல் மெஷினை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் கொட்டும் சூடும் பெரிதாகும். 1 ஹெச்பியா, 2 ஹெச்பியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் காற்று எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க வேண்டும்.

மெஷினைத் திருப்பி வைத்தோம். சந்திலிருந்து காற்றை இழுத்துத் திறந்த பக்கம் வீசுகிறது. சாயங்காலம் ஜன்னல் வழியே பார்க்கிறேன், மனைவி அந்தச் சூட்டுக் காற்றுக்கு நேராகப் புதுக் கொடி கட்டி என் ஜீன்ஸைக் காயப்போட்டிருக்கிறாள். இடுப்புப் பட்டை உட்பட மொறமொறவென்று காய்ந்திருந்தது. கொடிப் பிரச்சினை தீர்ந்தது.

ஏப்ரல் 14

சித்திரை 1. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. பகல் முழுக்கச் சில்லருக்கும் லீவு.

ஏப்ரல் 15

நேற்று இரவு ஓடவிட்டதில் மூன்றரை மணி நேரத்தில் 15-ஐத் தொட்டுவிட்டது. தனி மீட்டரில் 3 யூனிட் சொச்சம். ஆனால் முதல் தடவை உள்ளே இறங்கும்போது வேண்டுமென்றே 20 வைத்தேன்.

20 என்றால் ஊட்டிக் காற்றுபோல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். இடுப்புக்கு மேல் ஏறியதும் மூச்சு நம் பேச்சைக் கேட்பதில்லை: ஒரு பெரிய இழுப்பு, பிறகு நாய்க்கு இளைப்பதுபோல் சின்னச் சின்ன மூச்சு. தோல் சட்டென்று குளிர்வதால் வரும் அனிச்சைச் செயல் இது. முதல் அரை நிமிடத்தில் உச்சம், ஓரிரு நிமிடங்களில் அடங்கும். அந்த நேரத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். தலையை முக்கிக் குதிப்பவர்களுக்கு ஆபத்து அங்கேதான். அந்த முதல் இழுப்பு தண்ணீருக்குள் நடந்தால் கதை முடிந்தது. பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, மெல்ல இறங்க வேண்டும், தலை வெளியே. அப்பா ஆசையாக எட்டிப் பார்த்தார். ஸ்டென்ட் வைத்தவர். கிடையவே கிடையாது என்றுவிட்டாள் அம்மா.

ஏப்ரல் 21

ஹோஸ் முழுக்க வேர்த்துக் கொட்டுகிறது. காலையில் தரையில் குட்டை. கசிவு என்று பயந்து கிளாம்பை எல்லாம் இறுக்கிவிட்டுத் துடைத்துப் பார்த்தால் வெளியிலிருந்து வரும் ஈரம். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பரை வாங்கி வந்து சுற்றினோம். நின்றது.

அப்புறம்தான் மூடியின் அருமை புரிந்தது. மண்பானைத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்கிறது, டப்பையும் திறந்து வைத்தால் குளிருமே என்றார் பக்கத்து வீட்டு மாமா. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மாதத்துச் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் 25 டிகிரி வாக்கிலேயே பனியாகப் படிய ஆரம்பிக்கும். 15 டிகிரி தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பாது. காற்றிலிருக்கும் நீராவிதான் வந்து அதன்மேல் படியும், தன் சூட்டையும் சேர்த்து இறக்கிவிட்டு. அப்படி ஒரு லிட்டர் படிந்தால் 300 லிட்டரும் ஏறக்குறைய 2 டிகிரி சூடாகும். பானையின் வித்தை நமக்குத் தலைகீழ். மூடி எந்நேரமும் மூடியே இருக்கட்டும்.

ஏப்ரல் 30

இப்போது 15. ஐந்து நிமிடம். அசையாமல் உட்கார்ந்தால் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் நின்றுவிடுகிறது, சொகுசாகக்கூட இருக்கிறது. காலை ஆட்டினால் படலம் கலைந்து, அதே 15 புதிதாகக் கடிக்கிறது.

மருமகனுக்கு 3 வேண்டுமாம். மெஷின் 3 வரை போகும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதாம். போகும்தான். ஆனால் தண்ணீர் குளிரக் குளிர அதே கரன்ட்டுக்கு மெஷின் எடுக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். கடைசி டிகிரிகள்தான் விலை அதிகம். அதில் கிடைப்பது என்ன? "டோபமைன் 250 சதவீதம் ஏறும் மாமா" என்றான், உற்சாகம் தரும் ரசாயனமாம். அந்தக் கணக்கு 2000-ல் வெளிவந்த செக் நாட்டு ஆய்வில் இருப்பது. தண்ணீர் 14 டிகிரி, உட்கார்ந்தது ஒரு மணி நேரம். 3 டிகிரியும் இல்லை, மூன்று நிமிடமும் இல்லை. தசைவலிக்கு இது உதவுகிறதா என்று 2012-ல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்தபோது, சும்மா ஓய்வெடுப்பதைவிட வலி குறைகிறது என்றது; அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான்.

அவனுக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருக்கிறது. 2015-ல் ஆஸ்திரேலியாவில், எடை தூக்கியவர்களை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரியில் பத்து நிமிடம் உட்காரவைத்து 12 வாரம் பார்த்தார்கள். அவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடின. ஆகவே ஜிம் நாளில் டப் கிடையாது, மேட்ச் நாளில் உண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

மே 4

கத்திரி ஆரம்பம். இரவு கரன்ட் போய்ப் போய் வந்தது. வந்த உடனே கம்ப்ரசர் கிளம்பாமல் மூன்று நிமிடம் காத்திருக்கிறது. அது கோளாறு இல்லை, உள்ளே அழுத்தம் சமமாக வேண்டும். தண்ணீர் 16-ஐத் தாண்டவில்லை. டப் நல்ல டப்.

மே 11

நேற்று சனிக்கிழமை, மருமகனுக்கு எண்ணெய்க் குளியல் நாள். சீயக்காய் போட்டது பாதி, போடாதது பாதியாக டப்பில் இறங்கியிருக்கிறான். காலையில் தண்ணீர்மேல் வானவில். ஃபில்டரைக் கழற்றினால் மடிப்புக்கு மடிப்பு நல்லெண்ணெய்ப் பிசுக்கு, சில்லரில் ஃப்ளோ குறைவு என்று எரர். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் முழுக்கப் போகவில்லை. புது ஃபில்டர், புதுத் தண்ணீர், அவன் பாக்கெட் மணியிலிருந்து.

தண்ணீர் ஜில்லென்று இருந்தால் கெடாது என்று நினைப்பவர்கள் ஃப்ரிட்ஜில் மறந்துவைத்த சாம்பாரை நினைத்துக்கொள்ளலாம். நீச்சல் குளத்துக் கணக்குதான் இங்கும்: குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஹெச் 7.2 முதல் 7.8. குளிரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் இறங்கி ஏறிய பிறகு உடனே போட்டு மூடிவிடுகிறேன்.

மே 17

மாநகராட்சி கொசு ஒழிப்பு அக்கா வந்தார். செடித் தொட்டி, டயர், ஃப்ரிட்ஜ் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்து, விரலை விட்டு, வெடுக்கென்று எடுத்தார். "இதுல கொசு எப்படிங்க முட்ட போடும்?" ஓடாமல் நிறுத்திவைக்கும் காலத்தில் காலி செய்துவிட வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். சரியான பேச்சு.

ஜூன் 2

ரீடிங் எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு, தாண்டிவிட்டோம். தனி மீட்டர்படி சில்லரும் பம்பும் நாளுக்கு இரண்டரை யூனிட். தண்ணீர் 15-லேயே நிற்கும்போது எதற்கு இவ்வளவு என்று ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை 20-ஐ நெருங்கியிருந்தது, அவ்வளவுதான். அதை இறக்க ஒரு மணி நேரமும் ஒரு யூனிட் சொச்சமும் போதும். மீதியைத் தின்றது பம்ப். 50 வாட் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்; அதோடு தன் சூட்டையும் தண்ணீரிலேயே விடுகிறது, அதை எடுக்க மறுபடி கம்ப்ரசர் ஓட வேண்டும்.

டைமர் வாங்கி மாட்டினேன். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஐந்தேகாலுக்கு நிற்கும், சாயங்காலம் வடிகட்ட ஒரு மணி நேரம் பம்ப் மட்டும். விடியற்காலையில் காற்றும் 28 டிகிரிதான், கன்டென்சருக்குச் சுகம்.

ஒரே சிக்கல், நாலு மணிக்குக் கம்ப்ரசர் உறுமுவது மாமாவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக. அடியில் ரப்பர் பேட் வைத்தேன், பாதி குறைந்தது. நேற்று வாசலில் பிடித்துக்கொண்டார். நாலரைக்குத்தான் எழுந்திருப்பாராம், அதற்குமேல் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வரலாமாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரும் ஒரு முறை இறங்கிப் பார்ப்பாராம். பி.பி. மாத்திரை போடுகிறவர். டைமரை நாலரைக்கு மாற்றிவிட்டேன். இறங்குவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் மாமா என்றிருக்கிறேன்.