இடது கதவு

நவம்பர் 3, தியேப், பிரான்ஸ்

கொட்டகைக்குள் ஈரம் ஏறிவிட்டது. போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தேன். ரெனோ 5 டர்போ கார் நான்கு சக்கரங்களிலும் காற்றிறங்கி நிற்கிறது. முன்னால் இருக்க வேண்டிய எஞ்சினைப் பின்னிருக்கை இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொடுத்து, அதை இவ்வளவு சிறிய உடலுக்குள் அடக்கியவர்களின் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிரிப்புதான் வருகிறது.

நவம்பர் 4

மாமா கண் திறந்ததும் வண்டியின் பேட்டரியைப் பற்றித்தான் கேட்டார்.

நவம்பர் 6

வண்டியை வாங்க வருபவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: இது முதல் வகையா, டர்போ 2 ஆ? முதல் வகை 1,820 வண்டிகள்தான்; 1983 முதல் வந்த டர்போ 2 மூவாயிரத்துக்கும் மேல். இரண்டுக்கும் அதே 1,397 சிசி எஞ்சின், அதே 160 குதிரைத்திறன். ஆனால் முதல் வகையின் கூரையும் கதவுகளும் பின்கதவும் அலுமினியம். உள்ளே பெர்தோனே நிறுவனம் வடிவமைத்த விசித்திரமான இருக்கைகள். பிற்பாடு செலவைக் குறைக்க எஃகும் சாதாரண இருக்கைகளும் வந்தன. ஓட்டுகிறவனுக்குப் பெரிய வேறுபாடு இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கைகள் முதல் வகையினுடையவைதான். ஆனால் இருக்கையை யாரும் மாற்றிவிடலாம். காந்தம் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நவம்பர் 7

காந்தம் வாங்கவில்லை.

நவம்பர் 9

காந்தம் கூரையில் ஒட்டவில்லை. பின்கதவில் ஒட்டவில்லை. வலது கதவிலும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. இடது கதவில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

நவம்பர் 10

கதவைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். அவர் பேச்சு 1981 மோன்டே கார்லோ ராலி கார்ப்பந்தயத்துக்குப் போய்விட்டது: ழான் ரான்யோத்தி இதே வகை வண்டியில் வென்றது, பனியில் பின்பக்கத்தை வழுக்கவிட்டபடியே வளைவுகளைக் கடந்தது, அந்தப் போட்டிப் பிரிவில் நுழைவதற்கென்றே 400 வண்டிகள் கட்ட வேண்டியிருந்ததால் இந்த ஊரில் உள்ள ரெனோவின் ஆல்பின் தொழிற்சாலையில் வேலை தொடங்கியது. எல்லாம் சரி, இடது கதவு எங்கே, யாரால், எந்த வளைவில் போயிற்று? செவிலி வந்து நேரமாகிவிட்டது என்றார்.

நவம்பர் 12

நீண்ட நாள் ஓடாமல் கிடந்ததால் எரிபொருள் பகிர்மானிக்குள் இருக்கும் பிஸ்டன் சிக்கியிருந்தது. கழற்றி, சுத்தம் செய்து, பூட்டினேன். மாலையில் எஞ்சின் பிடித்தது. இருக்கைக்குப் பின்னாலிருந்து வரும் அந்த இரைச்சலில் எதையும் யோசிக்க முடியாது. அதுவே இன்றைக்குப் போதும். டயர்கள்தான் தொல்லை: அங்குலத்தில் அல்லாமல் மில்லிமீட்டரில் அளவிட்ட சக்கரத்துக்கான மிஷ்லின் டிஆர்எக்ஸ், முன்னால் ஓர் அளவு, பின்னால் வேறு; வழக்கமான டயர் எதுவும் பொருந்தாது.

நவம்பர் 13

மாமாவுக்குக் காய்ச்சல். இடது கதவைப் பற்றி இனி அவரிடம் கேட்க வேண்டாம் என்று மனைவி சொல்கிறாள்.

நவம்பர் 14

வாங்குபவர் சனிக்கிழமை வருகிறார். காந்தத்தோடுதான் வருவார். கதவு எஃகு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்; சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாற்றியது எப்போது என்று கேட்டார்.