கறுப்புச் சட்டையும் ஒன்றரைப் பாட்டும்

என் மகளின் கறுப்புச் சட்டை அலமாரியின் அடியில் சுருட்டிக் கிடந்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்த சட்டை. ஏன் போடுவதில்லை என்று கேட்டதற்கு, “தோள்ல வெள்ளையா கொட்டுதும்மா. பின்னாடி உட்கார்ற பொண்ணு ஊதி விடுறா” என்றாள். அவளுக்கு அப்போது 12 வயது முடிந்திருந்தது. பொடுகு இருப்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒரு பெண் தன் சட்டையை ஒளித்து வைப்பாள் என்பதுதான் தெரியவில்லை.

குழந்தைத் தலைதானே, கடுமையாக எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒன்று வாங்கினேன். மணம் இல்லை, கண்ணில் பட்டாலும் எரியாது. தலைக்குக் குளித்த அன்று சுத்தமாக இருக்கும், மறுநாள் சாயங்காலம் பழையபடி கொட்டும். இப்படியே இரண்டு மாதம் போனது. தோல் வறண்டுதான் உதிர்கிறது என்று நானே நினைத்துக்கொண்டு, அப்புறம் இரவில் எண்ணெய் தடவிவிட ஆரம்பித்தேன். முதல் நாள் செதில் கண்ணில் படவே இல்லை, எண்ணெயில் ஒட்டிக்கொண்டதால். நான்காம் நாள் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, முன்பைவிடத் தடிமனாகத் திரும்பி வந்தது.

எலுமிச்சைச் சாறு கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சொறிந்து சொறிந்து அவள் தலையில் கீறல்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சாறு பட்டதும் அலறிவிட்டாள். இயற்கையானது என்றால் மென்மையானது என்று நான் நம்பியிருந்தது அத்தோடு போயிற்று. அடுத்த இரண்டு வாரம் என்னைத் தலையைத் தொடவே விடவில்லை. தோழி ஒருத்தி டீ ட்ரீ எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். தேயிலை இல்லை, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 126 பேரைச் சோதித்தார்கள். 5% டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பூ போட்டவர்களுக்கு நான்கு வாரத்தில் பொடுகு 41% குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் 14 வயதும் அதற்கு மேலும். தோழி கொடுத்த பாட்டிலில் இருந்ததோ எதிலும் கலக்காத எண்ணெய். அப்படியே தேய்த்தால் தோல் எரியும். எலுமிச்சை அனுபவத்துக்குப் பிறகு அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முடியை வகிடு வகிடாகப் பிரித்து விளக்கில் பார்த்தார். எங்காவது திட்டாக முடி கொட்டியிருக்கிறதா, முடி வேரோடு ஒட்ட ஒடிந்திருக்கிறதா என்று தேடினார். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் செதில் உதிர்ந்தால் முதலில் படர்தாமரையைத்தான் சந்தேகிக்க வேண்டுமாம். அதற்கு ஷாம்பூ மட்டும் போதாது, மாத்திரை சாப்பிட வேண்டும். அப்புறம் ஒரு வெள்ளைத் துணுக்கை விரலால் இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. பேன் ஈராக இருந்தால் முடியைக் கவ்விப் பிடித்திருக்கும், வராது என்றார். செதில் வெள்ளி மாதிரி தடித்து நெற்றி ஓரத்துக்கு இறங்கினால் அது சோரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், அப்போது உடனே வரச் சொன்னார்.

இவளுடையது வெறும் பொடுகு. மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்குத் தீனி. அதைத் தின்றுவிட்டு அது விட்டுவைக்கும் ஓலிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் அவசர அவசரமாகப் புதுச் செல்களைத் தள்ளுகிறது, பழையவை கொத்தாக உதிர்கின்றன. பருவ வயது நெருங்கும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்வதால் பொடுகும் அப்போதுதான் தலைகாட்டும். ஆக, இரவில் எண்ணெய் தடவித் தடவி நான் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்திருக்கிறேன்.

பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். “மென்மையா வேற எதுவும் இல்லையா டாக்டர்?” என்று இழுத்தேன். “அஞ்சு நிமிஷம் தலையில இருந்துட்டுக் கழுவிப் போற மருந்து. உடம்புக்குள்ள போறது இல்லைன்னே சொல்லலாம். நீங்க தடவின எலுமிச்சையைவிட இது மென்மை” என்றார். பொடுகுக்கான இன்னொரு மருந்தான ஜிங்க் பைரித்தியோன் கலந்த ஷாம்பூவைப் பற்றியும் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் அதற்குத் தடை என்று படித்துப் பயந்து போயிருந்தேன். கழுவிவிடும் ஷாம்பூவில் 1% வரை பாதுகாப்பானது என்றுதான் அங்குள்ள அறிவியல் குழுவே சொல்லியிருந்தது. அந்தப் பொருள் சட்டப்படி ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டதாலும், மாற்று வழிகள் இருந்ததாலும் தடை தானாக வந்தது. இதையெல்லாம் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சரி, மருந்து கையில் வந்துவிட்டது. இரண்டு வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை! மருத்துவர் மேல் எரிச்சல் வந்தது. அப்புறம்தான் மகளிடம் எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். முடியில் ஊற்றி, நுரைத்து, உடனே கழுவிவிடுகிறாள். இருபது நொடிகூட இருக்காது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற வயது, நான் உள்ளே போய் நிற்க முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடையோடு வாஷ்பேசினில் தலையைக் குனியச் சொல்லி ஒரே ஒரு முறை நானே செய்து காட்டினேன். வகிடு பிரித்துத் தோலில் படும்படி ஊற்ற வேண்டும், நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். கடிகாரம் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள், ஒன்றரைப் பாட்டு. குளியலறையிலிருந்து இரண்டாவது பாட்டு பாதியில் நின்றால் தலையை அலசுகிறாள் என்று அர்த்தம்.

அதன் பிறகு முதல் வாரத்திலேயே அரிப்பு அடங்கியது. செதில் நிற்க இன்னும் மூன்று வாரம் ஆனது. முடி கொஞ்சம் சொரசொரப்பானது, அதற்குக் கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவினாள். நடுவில் ஒரு நாள் தலைக்குக் குளிக்க நேர்ந்தால், மூலையில் கிடந்த அந்தக் குழந்தை ஷாம்பூதான். பாவம், அதன் வேலை அழுக்கைப் போக்குவது மட்டும். அதனிடம் நான் வைத்தியம் கேட்டிருக்கிறேன்.

நன்றாகிவிட்டதே என்று அடியோடு நிறுத்தினோம். இரண்டே மாதத்தில் காதுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்தது. பூஞ்சை எங்கும் போகவில்லை, அதன் பெருக்கம்தான் குறைந்திருந்தது. இப்போது பத்து நாளைக்கு ஒரு முறை மருந்து ஷாம்பூ. நாள்கணக்கை அவளே பார்த்துக்கொள்கிறாள், நான் கேட்டால் முறைக்கிறாள். கறுப்புச் சட்டையை எடுத்துப் பார்த்தோம், கை குட்டையாகிவிட்டிருந்தது. அதே நிறத்தில்தான் இன்னொன்று வேண்டுமாம்.