புழு மனைக்குள் ஒரு ராஸ்பெரி பை: இறுதியாண்டு புராஜெக்ட் அனுபவம்

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ராஸ்பெரி பை என்ற கையடக்க கம்ப்யூட்டர் போர்டை எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் போர்டு விற்பனைக்கு வந்ததே மாணவர்களை மனதில் வைத்துத்தான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அதை வைத்து எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள்.

எனக்கு அளக்க வேண்டிய விஷயம் வீட்டிலேயே கிடைத்தது. மாரண்டஅள்ளி பக்கம் சித்தப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். பெரிய புழுவுக்கு 24, 25 டிகிரி சூடும் 70 சதவீத அளவில் ஈரப்பதமும் இருந்தால் நல்லது. கோடையில் புழு வளர்க்கும் மனைக்குள் சூடு ஏறினால் புழு சரியாகத் தழை தின்னாது, கூடும் தேறாது. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிவைக்க ஒரு கருவி. அவ்வளவுதான் என் புராஜெக்ட்.

முதலில் கரண்ட் விஷயம். என்னிடம் இருந்தது பை 4. அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். நான் கைக்குக் கிடைத்த போன் சார்ஜரைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை விளக்கு மினுக்கியது, திரையும் வந்தது. ஆனால் திரை மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் குறி வருவதும் போவதுமாக இருந்தது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வரும் எச்சரிக்கை அது என்று அப்போது தெரியாது. மூன்றாம் நாள் போர்டு பூட் ஆகவில்லை. மெமரி கார்டில் எழுதியிருந்த புரோகிராமும் போயிற்று. அடாப்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கேபிள் மெல்லியதாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

கார்டில் சிஸ்டத்தை ஏற்ற ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருள் போதும். எழுதும் முன்பே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்கும் வசதி) எல்லாம் அதிலேயே கொடுத்துவிடலாம். அப்புறம் தனி மானிட்டர் இல்லாமல் லேப்டாப்பிலிருந்தே வேலை செய்யலாம். டிவியில்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒன்று கவனியுங்கள்: பை 4-ல் இருப்பது மைக்ரோ ஹெச்டிஎம்ஐ. வீட்டு டிவியின் கேபிள் அதில் நுழையாது. இது தெரியாமல் தருமபுரிக்கு இன்னொரு தடவை பஸ் ஏறினேன். அணைக்கும்போது கட்டளை கொடுத்து, பச்சை விளக்கு மினுக்குவது நின்ற பிறகுதான் வயரைப் பிடுங்க வேண்டும்.

சூட்டையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சாரில், விலை குறைவு என்று டிஹெச்டி11 வாங்கிவிடாதீர்கள். அது 2 டிகிரி வரை முன்னே பின்னே காட்டும். புழுவுக்கு அந்த 2 டிகிரியே பெரிய வித்தியாசம். டிஹெச்டி22-ல் பிழை அரை டிகிரி அளவுதான். மின்சாரத்துக்கு போர்டின் 1-ஆம் பின் (வயர் செருகும் ஊசி), தரவுக்கு 7-ஆம் பின், கிரவுண்டுக்கு 9-ஆம் பின் என்று இணைத்தேன். 1-ஆம் பின் 3.3 வோல்ட், பக்கத்திலேயே இருக்கும் 2-ஆம் பின் 5 வோல்ட். தரவுப் பின்னுக்குள் 5 வோல்ட் போனால் போர்டே போய்விடும். வயர் செருகும்போதெல்லாம் போர்டை அணைத்துவிட்டு, பின்னை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடிகாரம். ஒருநாள் ராத்திரி 9:20-க்கு மனையில் கரண்ட் போய் 10:05-க்கு வந்தது. காலையில் பதிவைத் திறந்தால் 9:20-க்கு அடுத்த வரியில் மறுபடியும் 9:17. அதற்கப்புறம் எல்லா வரியும் 48 நிமிடம் பின்னால். பை 4-ல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. நெட் இருந்தால் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். மனையில் நெட் ஏது? பட்டன் பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் நேரம் சரியாக நின்றது. பை 5-ல் கடிகாரம் உள்ளேயே உண்டு, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

வைவாவில் வெளித்தேர்வாளர் புரோகிராம் மொழியான பைத்தான் பற்றி அதிகம் கேட்கவில்லை. "கரண்ட் போனால் உங்க கருவி என்ன ஆகும்?" என்றுதான் ஆரம்பித்தார். அந்த 9:17 வரியை அச்செடுத்து ரிப்போர்ட்டிலேயே வைத்திருந்தேன். அதைக் காட்டி விளக்கினேன். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் புராஜெக்ட்டில் கெட்டுப்போனதையும் சரிசெய்ததையும் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ரிப்போர்ட்டில் பாதி அதிலிருந்தே வந்துவிடும்.

பதிவைப் பார்த்ததில், மத்தியானம் மூன்று மணிக்கு ஏறிய சூடு ராத்திரி ஒன்பது வரை இறங்காமலே இருந்தது தெரிந்தது. சித்தப்பா அதுவரை மூன்று மணிக்கு மேல்தான் ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவார். "அப்போ ஒரு மணிக்கே நனைச்சுடலாம்பா" என்றார். இந்தக் கோடை முழுக்க அப்படித்தான் கட்டினார்.