டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் உறுமி

பிப்ரவரி 3, செவ்வாய்

தைப்பூசத்தன்று கேட்ட உறுமி மேளம் இன்னும் காதிலேயே நிற்கிறது. எல்லாரும் காவடியைப் பார்க்க, எங்கள் பேண்டின் டிஜே அண்ணன் மட்டும் உறுமிக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத் தோலைக் குச்சி அடிக்கிறது, மறுபக்கத் தோலை வளைந்த குச்சி அழுத்தித் தேய்க்கிறது, அந்தத் தேய்ப்பில் ஒலி கீழிருந்து முனகிக்கொண்டே மேலே ஏறுகிறது. "டேய், இது ஸ்கிராட்ச்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்புவதுதான் ஸ்கிராட்ச், டர்ன்டேபிளில் அது பிறந்தது 1970களின் நடுவில், நியூயார்க்கின் பிராங்ஸில், கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற பையனின் கையில். உறுமி அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது.

இங்கே சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு 1973இல் தடை வந்தது, 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அத்தனை வருஷமும் கல்யாணம், கோயில் திருவிழா என்று வாசித்து உறுமியை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மெட்டல் கிட்டார், ஃபங்க் பேஸ், தமிழ் ராப், டர்ன்டேபிள் எல்லாம் இருந்தும் எங்களிடம் இல்லாத ஒன்று எது என்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 7, சனி

ஊபி ஸ்டூடியோவில் பயிற்சி. பாதி நேரம் இரைச்சலைத் துரத்தியே போனது. டர்ன்டேபிளை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கனமான ரீங்காரம். "எர்த் வயரை யாருப்பா கழட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் அந்த மெல்லிய வயரை மிக்ஸரின் பின்பக்கத் திருகில் சுற்றி இறுக்கினார், சட்டென்று நின்றது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சிக்னல்தான், அதைப் பெருக்கும்போது கரண்ட் இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடும்.

அடுத்தது இன்னும் பெரிய தொல்லை. கிட்டாரின் தடித்த தந்தியை டி சுருதிக்கு இறக்கி வாசிக்கிறோம், கூடவே பேஸ், கிக் டிரம், எல்லாம் சேர்ந்து தரை அதிர்கிறது, அந்த அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி ஸ்பீக்கருக்குப் போய் மறுபடி ஊசிக்கே வந்து ஊளையிடுகிறது, சில நேரம் ஊசி துள்ளிப் பள்ளத்தை விட்டே வெளியே போய்விடுகிறது. அண்ணன் நடைபாதைக்குப் போடும் கான்கிரீட் பலகை ஒன்றைத் தூக்கி வந்தார், அடியில் தடித்த ஸ்பாஞ்ச், மேலே பலகை, அதன்மேல் அவருடைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள். மிக்ஸரில் அடிமட்ட ஒலியையும் குறைத்தார். சரி, ஊளை அடங்கியது. 1972இல் வந்த வரிசை அது. பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும், அதனால் கையால் பிடித்து விட்டாலும் உடனே வேகம் பிடித்துவிடும். டிஜேக்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வேலை முடிந்து வந்து பாட்டு எழுதினேன். தமிழில் வேகமாக ராப் பாடும்போது நெடிலை விழுங்கக் கூடாது, விழுங்கினால் கேட்பவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனால் ட்ட, க்க, ற்ற வரும் சொற்களை, உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக் கிட்டார் வெட்டும் இடங்களில் சரியாக வைத்தால், ஐயோ, அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பி சின்ன வயதில் மிருதங்கம் படித்தவன். ஃபங்க்கை அவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவை முதல் அடியில் அழுத்தச் சொன்னார், "அண்ணே, அது சமம்தானே" என்று இவன் வாசித்தே காட்டிவிட்டான். இப்போது கிட்டார் தகதகிட என்று ஐந்தைந்தாகப் போகிறது, டிரம்ஸ் நாலிலேயே நிற்கிறது, நாலடி கொண்ட ஐந்து பார் முடிந்து ஆறாவதின் சமத்தில் எல்லாரும் ஒன்றாக விழுகிறோம். அந்த இடத்தில்தான் உறுமி நுழைய வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

சீனப் புத்தாண்டுக்கு ஸ்டூடியோ மூடல். தேக்காவில் டீ குடித்துக்கொண்டே அண்ணன் பழைய கதைகள் சொன்னார். ருத்ரா 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் பேண்ட், டெத் மெட்டலில் சமஸ்கிருதத்தைக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையம் இங்கே எத்தனையோ பேண்டுகளுக்கு முதல் மேடை. 2021இல் ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடத்தை விட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. எஸ்பிளனேடு அரங்கில் பேபீட்ஸ் இசைவிழா 2002 முதல் நடக்கிறது, அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை மேடை ஏறும் பிள்ளைகள் சொதப்புவதற்கும் ஒரு சின்ன இடம் வேண்டும், அது குறைந்துகொண்டே வருகிறது.

பிப்ரவரி 28, சனி

காலையில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடமிருந்து மெசேஜ். மேடை மாற்ற நேரம் போதாதாம், டர்ன்டேபிள் வேண்டாம், அந்த ஒலிகளை லேப்டாப்பில் ஓட விடுங்கள் என்றார். எனக்குக் கோபமாகவே வந்தது. பதிவுசெய்த ஸ்கிராட்ச் யாரையும் கேட்காது. டிரம்மர் கொஞ்சம் இழுத்தால் அண்ணனின் கையும் இழுக்கும், நான் ஒரு வரியை விட்டால் அந்த இடைவெளியை அவர்தான் நிரப்புவார். அவரும் எங்களில் ஒரு வாத்தியக்காரர். முடியாது என்று நால்வரும் சேர்ந்து பதில் அனுப்பிவிட்டோம்.

சாயங்காலம் உறுமிக்காரர் வந்தார், அண்ணனைவிட வயதில் மூத்தவர், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். முதலில் கிட்டார் சத்தத்தைக் கேட்டுத் திகைத்து நின்றார். அப்புறம், "தம்பி, எனக்கு எங்க அடங்கணும், எங்க ஏறணும்னு மட்டும் சொல்லு" என்றார். தேய்ப்பு ஒன்றைத் தனியாகப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்ப்யூட்டரில் உள்ள ஒலியை டர்ன்டேபிளிலிருந்தே இயக்கும் டைம்கோட் தட்டை வைத்து அண்ணன் அதையே ஸ்கிராட்ச் செய்ய, மாமா குச்சியால் பதில் சொல்ல, ஆறாவது பாரில் நாங்கள் எல்லாரும் விழுந்தோம். மாமா நிறுத்தவே இல்லை, எங்களையும் நிறுத்த விடவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உறுமியின் இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக் வேண்டும், ஒன்று எங்களிடம் இருக்கிறது, இன்னொன்றைத் தம்பி யாரிடமாவது கேட்டு வாங்கி வருவான்.