"சேர், விழுங்கின பிறகு?"

எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஆட்டு ஈரல் துண்டின் மேல் சேர் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றினால், குழாயின் வாய்வரை நுரைத்துக்கொண்டு வரும். கற்றலேசு நொதியத்தின் வேலை. பின்வாங்கில் இருந்த நாங்கள் கைதட்டுவோம். அதே கிழமை, வெண்குருதிக்கலம் பற்றீரியாவை விழுங்கும் படத்தைக் கரும்பலகையில் கீறினார். "சேர், விழுங்கின பிறகும் அது சாகாட்டி?" என்று எங்களில் ஒருவன் எழும்பினான். (இப்போது ரொறன்ரோவில் கணக்கு வழக்குப் பார்க்கிறான்.) "அது சோதனைக்கு வராதடா, இரு!"

எனக்கு அதுவே தொழிலாக வந்து வாய்த்தது. இலண்டன் ஆய்வுகூடமொன்றில் சளி மாதிரிகளுக்குச் சாயமேற்றி, நீலத்துக்குள் சிவப்புக் கோல்களாகத் தெரியும் கசநோய்க் கிருமியைத் தேடுகிறேன். விழுங்கப்படுவதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் பெருங்கலமான பெருந்தின்கலம், தான் விழுங்கியதை ஒரு பைக்குள் அடைக்கும். அந்தப் பை, கலத்தின் சமிபாட்டுப் பையான இலைசோசோமுடன் சேர்ந்தால் அமிலமும் நொதியங்களும் பாயும், கிருமி முடிந்தது. கசநோய்க் கிருமி சேரவே விடுவதில்லை. உள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. உயிருள்ள கிருமி இருந்த பைகள் பெரும்பாலும் சேராமல் நின்றதையும், சிதைந்த கிருமி இருந்தவை சேர்ந்துகொண்டதையும் 1971இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காட்டியவர்கள் ஆம்ஸ்ட்ரோங்கும் டார்சி ஹார்ட்டும். இடம் இலண்டனின் மில் ஹில். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம்.

பெருந்தின்கலத்திடம் இன்னோர் ஆயுதமும் உண்டு: ஐதரசன் பேரொட்சைட்டு. சேரின் போத்தலில் இருந்த அதே சாமான்! கிருமியோ தன்னிடமுள்ள கற்றலேசால் அதை உடைத்துத் தள்ளிவிடுகிறது. ஆனால் அங்கேயே அது மாட்டியும் கொள்கிறது. ஐசோனியாசிட் என்ற கசநோய் மருந்து கிருமிக்குள் போகும்போது நஞ்சல்ல. அதை நஞ்சாக்குவது கிருமியின் அந்தக் கற்றலேசுதான். மருந்துக்கு மசியாத கிருமிகள் பல இந்த நொதியத்தை இழந்திருப்பதை ஆய்வாளர் மிடில்புரூக் 1954இலேயே கவனித்தார். அந்த நொதியத்தின் மரபணு பிடிபட 1992 ஆயிற்று. நொதியத்தை அடியோடு விட்ட கிருமிக்குக் கேடயமும் போய்விடும். அதனால் கெட்டிக்காரக் கிருமிகள் ஒரேயொரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. கேடயம் ஓரளவு மிஞ்சும், மருந்து பலிக்காது. நோயாளிகளிடம் அதிகம் காண்பது இந்த வகையைத்தான்.

எங்கள் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் காலத்து நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோல் தெரியும், பற்றீரியா ஒழுங்காகத் தெரியாது. எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையோடு ஒன்றை இந்த வருட இராப்போசனக் காசில் வாங்கிக் கல்லூரிக்கு அனுப்பலாமே? பிள்ளைகள் தயிரில் தொடங்கட்டும்.